கேட்டில் பிடிபட்ட கட்டி

மலாயாவில், லிங்கி ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், அது வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தின் நான்காம் வருடம். பால்மரம் சீவப் போகிறவர்கள் விடியற்காலையில் முள்வேலிக் கேட்டில் வரிசையாக நின்று, உடம்பைத் தடவிப் பார்க்க விட்டுத்தான் வெளியே போக முடியும். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போனாலும் ஜெயில்.

அன்று திருநாவுக்கரசும் அந்த வரிசையில் நின்றான். இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஒரு வருடம். ஆறு மாதமாக வலது விதையில் கல்லுப் போல ஒரு கட்டி. வலியில்லை. தெரிந்தால் ஆம்பளையே இல்லை என்று தொழிலாளர் லயமே சிரிக்குமே! கோவணத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தான். யாரிடமும் சொல்லக்கூடாதென்று மனைவி பஞ்சாலையிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

வழக்கமாக நிற்கும் காவலர் பேருக்குத் தடவுவார். அன்று புது மலாய்க்காரன். அவன் கை அங்கே வந்ததும் நின்றது.

"பெராஸ்? அரிசியா?" துப்பாக்கி திரும்பியது.

திருநாவுக்கரசு இரண்டு கையையும் தூக்கினான். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் ஜெயில். ஜெயிலே மேல் என்று நின்றான், மடையன்!

பெண்கள் வரிசையிலிருந்து பஞ்சாலை ஓடிவந்தாள். "அரிசி இல்லைய்யா, கட்டி! ஆறு மாசமா மறைக்கிறாரு. நானும் வாயப் பொத்திக்கிட்டு இருந்துட்டேனே, பாவி!"

காவலன் அவனைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்க்கும் டிரசர் செல்வநாயகம், யாழ்ப்பாணத்துக்காரர், தனியறையில் சோதித்தார்.

"ஏன் வந்து காட்டேல்லை?"

"வலிக்கலீங்கய்யா."

"நொந்திருந்தா அண்டைக்கே ஓடி வந்திருப்பாய். நோகாததுதான் ஆபத்து. இது அடிபட்டு வந்ததில்லை, ஆரின்ரை சாபமும் இல்லை. பிள்ளைக்கு வித்து உண்டாக்கிற உயிரணு கெட்டுப்போய்ப் பெருகுது. இளவயசுக்காரருக்குத்தான் கூட வாறது. இண்டைக்கே சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்குப் போ."

அந்த உயிரணு பெரும்பாலும் தாய் வயிற்றிலேயே சரியாக முதிராமல் தங்கிவிடுகிறது, வாலிபத்தில்தான் வேலையைக் காட்டுகிறது என்பதை மருத்துவர்கள் பின்னாளில்தான் கண்டார்கள். சிரம்பானில் அந்த விதையை எடுத்தார்கள். நல்லவேளை, பரவியிருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி அதே கேட்டு, அதே காவலன். வரிசையில் யாரோ கிசுகிசுத்துச் சிரித்தார்கள். திருநாவுக்கரசு திரும்பினான்.

"ஆமா, ஒண்ணை எடுத்தாச்சு. இன்னொண்ணு இருக்கு, உயிரும் இருக்கு. கட்டி ஆளக் கொல்றதுக்கு முன்னால வெக்கம் கொன்னுடும்லா! நீங்களும் உங்களுதைத் தடவிப் பாருங்க. கல்லு மாதிரி எதுனா பட்டா, வலிக்கலைன்னு சும்மா இருக்காதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள், பின்னால் நின்ற முனியாண்டியைத் தவிர. அவன் மெல்லக் கிட்டே வந்தான்.

"அண்ணே, டிரசரு எத்தன மணிக்கு வருவாரு?"