எதிர் கம்பெனி வண்டி

ஜெயசுதாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவன் அவள் புருஷன் கலையரசன்தான். கல்யாணமான மறு வருஷம் யாரிடமோ ஒரு பழைய குட்டி யானை லோடு வண்டியை இரவல் வாங்கி வந்து, கோமுகி அணைக்குப் பக்கத்துப் பொட்டலில் அவளை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தான். அதுவரை அவள் ஏறிய பெரிய வண்டி கரும்பு டிராக்டர் ஒன்றுதான். அதுவும் அப்பா அம்மாவோடு வெட்டுக்குப் போய்த் திரும்பும்போது, லோடின் உச்சியில்.

"கிளட்ச்ச மெள்ள வுடு. பூனக்குட்டிய கீழ எறக்கி வுடுற மாதிரி," என்றான்.

அவள் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று கலையரசன் தான் வேலை பார்த்த பார்சல் ஹப்பில் இருந்த அத்தனை பேருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தான். அதனால், வேலைக்கே வண்டி ஓட்டப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அவன் மறுத்துப் பேசவில்லை.

"எங்க கம்பெனியிலயே கேக்குறேன். வேற எங்கியும் நீ அலைய வாணாம்," என்றான்.

அவன் கம்பெனி நெடுவழி பார்சல். கள்ளக்குறிச்சியில் பழைய கம்பெனி. பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு, தீபாவளிக்குத் துணியும் போனசும் உண்டு. கலையரசன் அங்கே சேர்ந்து பல வருஷம் ஆகிறது. கடைத்தெருவில் அவன் வண்டி நின்றால் முதலாளிகள் எழுந்து வந்து பேசுவார்கள்.

ஹப் மேனேஜர் பிரவீன்குமார் அவளை மரியாதையாகவே உட்கார வைத்துப் பேசினார். "கலை வூட்டுக்காரம்மான்னா எங்க வூட்டு ஆளு மாதிரி. மொதல்ல அவரு வண்டியிலயே ஹெல்பரா போங்க. கொஞ்ச நாள் ஓடட்டும். அப்புறம் டிரைவர் போஸ்ட்டு பாக்கலாம்."

"கொஞ்ச நாள்னா எவ்ளோ நாள் சார்?"

"பாக்கலாம்மா. லேடீஸ் டிரைவர் நாங்க இதுவரைக்கும் வச்சதில்ல. மேல கேட்டுத்தான் சொல்லணும்."

வெளியே வந்ததும் கலையரசன் சந்தோஷமாக இருந்தான். ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் வரலாம், மத்தியானம் சேர்ந்து சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டான். அவளுக்கும் அது பிடிக்காமல் இல்லை. ஆனால் திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாக, சின்னசேலம் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பார்சல் ஷெட்டின் போர்டு அவள் கண்ணில் பட்டது. 'பட்டுனு' என்று ஊதா நிறத்தில் கொட்டை எழுத்து. அதன் கீழே, டிரைவர் தேவை, ஆண் / பெண்.

மறுநாள் காய்கறி வாங்கப் போனவள் அங்கே போய் நின்றாள். மேனேஜர் என்று ஒருவரைக் காட்டினார்கள். அவர் தானே பெட்டி தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பெயர் இளஞ்செழியன். வயது முப்பதுக்கு மேல் இருக்காது.

"டவுன் லைன் எல்லாம் ஆள் போட்டாச்சு," என்றார், பெட்டியைக் கீழே வைக்காமலே. "மலை லைன்தான் இருக்கு. கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமல, அத சுத்தி இருக்கிற ஊருங்க. உங்கள ஏமாத்தக் கூடாது, சொல்லிடுறேன். ரெண்டு டிரைவர் பாதியில வுட்டுட்டுப் போயிட்டாங்க. யாரும் நிக்க மாட்டேங்கிறாங்க. அதனாலதான் போர்டுல பெண்ணுன்னும் போட்டோம்."

"பி.எஃப். இருக்குதா சார்?"

"இப்போதைக்கி இல்ல. கம்பெனியே புதுசு. நாளைக்கி இருக்குமான்னு கேட்டீங்கன்னா, எனக்கே தெரியாது. ஆனா மொத நாளே சாவி உங்க கையில."

அவர் ஏற்றிக்கொண்டிருந்த ஊதா வண்டியை ஜெயசுதா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, "ஒரு நாள் ஓட்டிப் பாத்துட்டு சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"தாராளமா. நானும் கூட வரேன்."

வீட்டில் அவள் எதையும் மறைக்கவில்லை. இரண்டு இடத்திலும் ஒவ்வொரு நாள் போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாள். கலையரசன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது எதிர் கம்பெனி சுதா," என்றான்.

முதலில் புருஷனோடு போனாள். கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி ரோடு என்று நாள் முழுக்கச் சுற்றினார்கள். அவன் வேலையை அன்றைக்குத்தான் அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள். எந்தச் சந்தில் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும், எந்தக் கடைக்காரரிடம் முதலில் சிரிக்க வேண்டும், எவரிடம் சிரிக்கக் கூடாது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு ஆட்டோ குறுக்கே வரும்போதும், அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. சாயங்காலம் இறங்கும்போது, ஒன்றும் செய்யாத அந்தக் கால்தான் வலித்தது.

அடுத்து மலை. கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இளஞ்செழியன் பேச்சை நிறுத்திவிட்டுக் கதவின் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பின்னால் முழு லோடு. ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து நிற்க, அவள் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. மறுபடி எடுக்கும்போது இன்ஜின் அணைந்து வண்டி செத்தது. செத்ததோடு பின்னால் உருளவும் தொடங்கியது.

அவள் சட்டென்று ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். பஸ் டிரைவர் ஜன்னலில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார். அவரைப் பார்க்காமல் சாவியைத் திருப்பி, ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்து, வண்டி முன்னால் திமிறுவது தெரிந்த பிறகு பிரேக்கை விட்டாள். வண்டி ஏறியது. இளஞ்செழியன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

முதல் பார்சல் காசியம்மாள் என்ற மரவள்ளி விவசாயிக்கு. களை வெட்டும் மெஷின். பெட்டியை இறக்கி வைத்ததும் அந்த அம்மாள் அங்கேயே பிரித்து, ஒவ்வொரு சாமானாக எடுத்துச் சாக்கில் பரப்பினாள். கைப்பிடியை மாட்டும் போல்ட்டு இல்லை.

"எத்தினி நாளா காத்துக்கினு இருக்கேன் தெரியுமா? இத வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

"நான் வெறும் டிரைவர்மா."

"நீதான கொண்டாந்த? நீயே எடுத்துக்கினு போ. நல்லதா ஒண்ணு நீயே எடுத்துக்கினு வா."

மெஷினைத் திருப்பிக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். ரிட்டர்ன் என்று போனில் பதிய அங்கே சிக்னல் இல்லை. ஒரு பாறை மேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. திட்டு வாங்கிக்கொண்டு, செருப்பில் செம்மண் அப்பிக்கொண்டு, பாறை மேல் நின்ற ஜெயசுதாவுக்குத் தன் மனசு எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று அப்போது தெரிந்துபோயிற்று. அந்த அம்மாளுக்கு நல்ல மெஷினைத் தானே கொண்டு வந்து கொடுக்க வேண்டும் என்று இருந்தது.

பட்டுனுவிலேயே சேருகிறேன் என்று அன்று ராத்திரி சொன்னாள். கலையரசன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"ஹப்ல இன்னா சொல்லுவாங்க தெரியுமா? கலை பொண்டாட்டியே அவன் கம்பெனிய நம்பலன்னுவாங்க."

"உங்கள நம்பாம இல்லீங்க. உங்க பக்கத்துல ஒக்காந்துகினு வரதுக்கா நான் லைசென்ஸ் எடுத்தேன்?"

"நாளைக்கி அவன் ஷட்டர இறக்கிட்டுப் போயிட்டான்னா?"

"லைசென்ஸ் என்கிட்டதான இருக்கும்."

அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். அடுத்த சில நாட்கள் தேவைக்கு மட்டும் பேசினான். ஆனாலும் அவள் முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது, அவள் கேட்காமலே ஒரு டயர் பிரஷர் கேஜை எடுத்து அவள் பையில் போட்டான்.

மலை லைன் அவளுக்குப் பழகியது. காசியம்மாளுக்கு நல்ல மெஷின் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாள் அதிலும் குறை தேடிப் பார்த்து, கிடைக்காமல், ஒரு பை மரவள்ளிக் கிழங்கை வண்டிக்குள் வைத்தாள். பார்சல் வாங்கக் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தவர்கள் ஊதா வண்டிக்காக மேலேயே காத்திருக்கத் தொடங்கினார்கள். ஆர்டர் ஏறியது. அது நெடுவழிக்குத் தெரியாமல் இருக்குமா? ஐப்பசி பிறக்கும்போது அவர்களும் மலைக்கு ஒரு வண்டி விட்டார்கள். மற்ற டிரைவர்கள் ஆளுக்கு ஒரு சாக்குச் சொல்ல, பிரவீன்குமார் கலையரசனைப் போட்டார்.

கலையரசன் தரை டிரைவர், சமதளத்தில்தான் ஓட்டிப் பழக்கம். வளைவு ஏறினால் அவனுக்குத் தலை சுற்றும் என்பது ஜெயசுதாவுக்கு அதற்கு முன் தெரியாது. அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பாக்கெட்டில் நசுங்கிய எலுமிச்சம்பழம் இருந்தது. அவள் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து புதுப் பழமாக ஒன்றை அவன் சாப்பாட்டுப் பையில் வைத்தாள். அவனும் கேட்கவில்லை.

அடைமழை விட்ட ஒரு நாள். மேலே வேலையை முடித்துவிட்டு அவள் இறங்கி வந்தபோது ரோட்டின் குறுக்கே பெரிய மரம் ஒன்று மண்ணோடு சாய்ந்து கிடந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ், சில பைக்குகள், அவற்றுக்குப் பின்னால் நெடுவழி வண்டி. கலையரசன் போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அவள் கிளைகளுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனாள். "போன்ல யாருங்க?"

"ஷாலினின்னு ஒரு பொண்ணு. அவ அண்ணனுக்கு நாளைக்கி காலையில கல்யாணம். மாப்பிள்ள பட்டு வேட்டி சட்ட என் வண்டியில கிடக்குது. ரோடு சரியாவறதுக்கு சாயந்தரம் ஆவும்ங்கிறாங்க. இருட்டிட்டா ஹப்ல மேல போவ வுட மாட்டாங்க. திருப்பி எடுத்துக்கினு போவ வேண்டியதுதான்."

"எங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னான். வெள்ளிமலைக்கு அப்பால் அவள் வழக்கமாகப் போகும் ஊர்.

"என் வண்டி அந்தப் பக்கம்தான நிக்கிது. வாங்க."

"எதிர் கம்பெனி வண்டியில எங்க பார்சல ஏத்தறதா? தெரிஞ்சா வேலை போயிடும் சுதா."

"பார்சல யாரு ஏத்தச் சொன்னது? உங்கள ஏத்துறேன். பார்சல நீங்க மடியில வச்சிக்குங்க."

பக்கத்தில் நின்ற பஸ் கண்டக்டர் சிரித்துவிட்டார். "போங்க சார், உங்க வண்டிய நான் பாத்துக்கிறேன்," என்றார். கலையரசன் பட்டு வேட்டிப் பெட்டியையும் அந்த ஊருக்கான இன்னும் இரண்டு பெட்டிகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு மரத்தைத் தாண்டினான்.

அவள் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்வது அந்தப் பொட்டலுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. முதல் வளைவு வந்ததும் பழக்கதோஷத்தில், "செகண்டு," என்றான். அதற்குள் கியர் மாறியிருந்தது. அடுத்த வளைவில் வாயைத் திறந்து மூடிக்கொண்டான். அதற்கடுத்த வளைவுகளில் ஜன்னல் பக்கம் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தபடி வந்தான். மழை கழுவிய மலை எதிரில் பச்சையாக நின்றது. தலை சுற்றவில்லை போலிருக்கிறது, எலுமிச்சம்பழத்தை அவன் வெளியே எடுக்கவே இல்லை.

கல்யாண வீட்டில் ஷாலினி ஓடி வந்து பெட்டியை வாங்கினாள். ஊதா வண்டியிலிருந்து நெடுவழி சட்டை போட்ட ஆள் இறங்கியதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வாசலில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள், இரண்டு மூன்று பேர் போனில் படமும் எடுத்தார்கள். இருவரையும் பந்தியில் உட்கார வைத்துத்தான் அனுப்பினார்கள்.

திரும்பும்போது அவன் சொன்னான். "கிளட்ச் நான் சொல்லிக் குடுத்த மாதிரி வுடலியே நீ."

"மலைக்கி அது ஒத்து வராதுங்க."

"எனக்குச் சொல்லிக் குடு."

அவள் ஓரமாக நிறுத்தி, அவனைச் சீட்டு மாறச் சொன்னாள்.

படம் எப்படியோ நெடுவழி ஹப் வரைக்கும் போய்விட்டது. பிரவீன்குமார் கலையரசனைக் கூப்பிட்டுக் கண்டித்தார். கண்டித்து முடித்துவிட்டு, உன் வூட்டுக்காரம்மாவையும் ஒரு நாள் வரச் சொல்லு என்றார். ஜெயசுதா போனாள். இந்தத் தடவை ஹெல்பர் என்ற பேச்சே எழவில்லை. டிரைவர் போஸ்ட், மலை லைன், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உடனே. மேலே கேட்டாயிற்று என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கலையரசன்தான் பேச்சை ஆரம்பித்தான். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ரெண்டு கம்பெனியையும் உள்ள போயி பாத்தவ நீதான்."

அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. பி.எஃப். சின்ன விஷயம் அல்ல. கரும்பு வெட்டியே கை காய்த்துப்போன அவளுடைய அப்பாவுக்கு அப்படி ஒரு சொல்லே தெரியாது. ஒரு நாள் பூரா யோசித்துவிட்டு அவள் இளஞ்செழியனிடம் நேராகப் போய் நடந்ததைச் சொன்னாள்.

"சாவி குடுத்தது நீங்க சார். அதுக்காகவே காலம் பூரா இங்க இருக்க முடியாது. அவங்க குடுக்கிறத நீங்களும் குடுத்தா இங்கயே இருக்கேன். எனக்கு மட்டும் இல்ல, எல்லா டிரைவருக்கும்."

இளஞ்செழியன் சிரிக்கவில்லை. சேலம் ஆபீசுக்குப் போன் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே போனார். வெகு நேரம் கழித்து வந்து, "உங்கள வுட்டா மலை லைன மூடணும்னு சொன்னேன். தை மாசத்துலேந்து எல்லாருக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. போடுறாங்க," என்றார். தை பிறந்ததும் அப்படியே போட்டார்கள்.

பிரவீன்குமாரிடம் அவள் முகத்துக்கு நேராகவே மறுப்புச் சொன்னாள். அவர் வருத்தப்பட்டார், பிறகு போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டார். நெடுவழி வாசலிலும் இப்போது ஆண் / பெண் என்று இருக்கிறது. கலையரசனை டவுன் லைனுக்குத் திருப்புவதாகச் சொன்னபோது அவன் வேண்டாம் என்றுவிட்டான்.

காலையில் இரண்டு வண்டியும் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பும். கச்சிராயபாளையத்தில் டீ குடித்துவிட்டு ஏற்றத்தைப் பிடிப்பார்கள். நேற்று அவள் முன்னால் போனாள். ஒரு வளைவு நெருங்கும்போது அவன் பின்னாலிருந்து இரண்டு தடவை ஹாரன் அடித்தான், வழி விடு என்று. ஜெயசுதா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பொறு என்று காட்டினாள். மேலே மரங்களுக்கு நடுவே பஸ் இறங்கி வந்துகொண்டிருந்தது.