மலை விழுங்கிய மூன்று என்ஜின்கள்

லிஃப்ட்காரர் வேலையில் இருந்த காலமெல்லாம் மேலேயும் கீழேயுமாகவே போய்வந்தவர். ஓய்வு பெற்றதும், பக்கவாட்டில் போகும் எதைப் பார்த்தாலும் அவருக்கு ஆசை வந்தது. பொம்மை ரயில் வாங்கினார். ரயில் ஓட ஊர் வேண்டும், ஊர் நிற்க மேஜை வேண்டும். வீட்டிலிருந்த ஒரே பெரிய மேஜை, தையல் வேலை செய்யும் மனைவி துணி வெட்டுவது. ஒரு வாரத்துக்கு என்று கேட்டு வாங்கினார். எந்த வாரம் என்று சொல்லவில்லை.

மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, கோந்தின் மேல் தூவிப் புல்வெளி செய்தார். எதிர்வீட்டு ஆடு ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு சாதாரணத் தழையைத் தொடவில்லை. ஸ்பாஞ்சைப் பிய்த்து மரங்கள் செய்தார். ஒரு குருவி வந்து இடம் பார்த்துவிட்டு, காற்றோட்டம் போதாது என்று போய்விட்டது. கம்பிவலையை வளைத்து, செய்தித்தாள் ஒட்டி, பிளாஸ்டர் பூசி மலை எழுப்பினார். அதன் உச்சியில் காலையில் பனி இறங்கும். அறையைப் பெருக்கப் போன மனைவிக்கு ஜலதோஷம் பிடித்தது அதனால்தான்.

மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “ஏங்க, சமையல் மேடையில துணி வெட்டறேன். சட்டையெல்லாம் வெங்காய வாசனைன்னு ஆளுங்க சிரிக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள உங்க ரயில் ஒரு சுத்து முழுசா சுத்தி ஸ்டேஷனுக்கு வரட்டும். வரலேன்னா மேஜை எனக்கு, மலை குப்பை வண்டிக்கு.”

ஞாயிறு காலை என்ஜின் மலைக்குள் போனது, வெளியே வரவில்லை. லிஃப்ட்காரர் மலைக்கு முன்வாசல் வைத்திருந்தார், பின்வாசல் வைத்திருந்தார், கை விட வழி வைக்கவில்லை. முதல் என்ஜினைத் தள்ளிவிட இரண்டாவதை அனுப்பினார். அதுவும் அங்கேயே தங்கிவிட்டது. இரண்டையும் சமாதானப்படுத்தி அழைத்துவர மூன்றாவது போனது. மலை ஏப்பம் விட்டதுபோல் ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

உடைத்தால் மறுபடி பூசிக் காயவைக்க நேரமில்லை. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரைக் கூப்பிட்டார். அவர் நெற்றி விளக்கும், நீளக் காம்புக் கண்ணாடியும், இடுக்கியுமாக வந்து மலைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

“எப்பலேருந்து இப்படி இருக்கு அண்ணே?”

“காலையிலேருந்து தம்பி.”

“வலி இருக்கா?”

“எனக்குத்தான்.”

டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். “பிளாஸ்டர் சொட்டி, தண்டவாளத்து மேல கட்டி தட்டியிருக்கு. மலையை எடுக்க வேண்டியதில்ல. சுரண்டினா போதும்.”

டாக்டர் சாப்பாட்டைக்கூட மறந்து சுரண்டினார். மூன்று என்ஜின்களையும் ஒவ்வொன்றாக இழுத்துத் தட்டில் வைத்தார். “இன்னைக்கு வெறும் என்ஜினை மட்டும் அனுப்புங்க. சரக்கு வண்டியெல்லாம் நாளைக்கு.”

“உங்க உதவிக்கு நான் என்ன செய்யப்போறேன் தம்பி?”

“ஒருநாள் என்னை ஓட்ட விடுங்க அண்ணே. மனுஷ வாயையே பாத்து அலுத்துப்போச்சு.”

வெளிச்சம் மங்கும் நேரத்தில் மனைவி கையில் கத்திரிக்கோலோடு வந்து நின்றாள். என்ஜின் மலைக்குள் நுழைந்தது, மூவரும் மூச்சைப் பிடித்தார்கள், மறுபக்கம் வந்தது. புல்வெளியைத் தாண்டியது. ஸ்டேஷனுக்கு ஒரு சாண் முன்னால் சக்கரத்தில் தூசி அடைத்து நின்றுவிட்டது. எத்தனை முறை சுவிட்சைத் திருகியும் அசையவில்லை.

லிஃப்ட்காரர் மலையைக் கழற்ற ஸ்குரூடிரைவரை எடுத்தார். சொன்ன சொல் சொல்தான்.

மனைவி ஆள்காட்டி விரலால் என்ஜினின் முதுகைத் தள்ளினாள். அது ஸ்டேஷனுக்குள் போய் நின்றது.

“வந்துடுச்சு,” என்றாள்.

“கையால தள்ளினா கணக்குல சேருமா?”

“பயணிங்க இறங்கித் தள்ளினாங்க. ஊர்ல நடக்காததா?” மேஜையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். “இவ்வளவு பெரிய மலை, ஒரு ஆறு கிடையாது. ஜனங்க எதைக் குடிப்பாங்க?”

“ஆறுன்னா ரொம்ப நாளாகும்மா.”

“ஆகட்டும். அவசர ஆறு யாருக்கு வேணும்?”

லிஃப்ட்காரர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். ஆறு வர எவ்வளவு இடம் வேண்டும் என்று அளக்க டேப்பை நீட்டினார். மலையடிவாரத்தில் அதன் மறுமுனையை மனைவி பிடித்துக்கொண்டாள்.