பதினேழாம் எண் காலடி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் சேற்றில் பதிந்த ஒரு காலடிக்குக் கிடைத்த மரியாதை, ஐந்து வருடத்துக்கு முன் சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவனுக்குக் கிடைக்கவில்லையே என்ற பொறாமை.

நான் துர்க்கானா ஏரியின் கிழக்குக் கரையில், ஆதிமனிதர்களின் எச்சங்களைத் தேடும் முகாமில் பதிவேடு எழுதுகிறவள். யார் எதை எங்கே கண்டார்கள் என்று எழுதுவது என் வேலை. கதை எழுதுவது வேலை இல்லை, வயிற்றெரிச்சல்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஏரிக்கு மேலே சூரியன் மெல்ல..." வேண்டாம். இங்கே சூரியன் எதையும் மெல்லச் செய்வதில்லை.

2

எசெகோன் அண்ணனிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் முகாமின் கண் அவர். ஆடு மேய்த்தே தடம் படிக்கக் கற்றவர். காணாமல் போன ஒரு வெள்ளாட்டின் குளம்படியை மந்தையின் குளம்படிகளுக்கு நடுவே பிரித்துக் காட்டுவார். மூன்று வருடத்துக்கு முன் அந்தப் பழைய தடங்களை முதலில் பார்த்தவரும் அவர்தான். இரண்டு வகை மனிதர்கள், ஒரே ஈரத்தில், சில மணி நேர இடைவெளியில் நடந்திருக்கிறார்கள். (ஒரு வகை நம் முன்னோராக இருக்கலாம். இன்னொன்று பூண்டோடு அற்றுப்போனது.)

முகாமை நடத்தும் டாக்டர் இங்கிரிட் மண்டியிட்டு ஒரு தடத்தைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது பொம்பள, டாக்டரம்மா. வலது இடுப்புல பாரம் வச்சிருக்கா. புள்ளையா இருக்கும்," என்றார் எசெகோன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"எங்க வீட்டுல நாலு பேரு இப்படித்தான் நடக்குறாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் என் பக்கம் திரும்பி, "அத எழுத வேணாம்மா," என்றார். நான் எழுதவில்லை.

[இது என் முதல் குற்றம். இரண்டாவது பின்னால் வருகிறது.]

3

அதற்கும் இரண்டு வருடம் முன்பு, காய்ந்த ஆற்றில் தோண்டிய கிணற்றடியில் எசெகோனின் தம்பி லொவோயை யாரோ சுட்டார்கள். எல்லை தாண்டி வந்த ஆட்டுக் கொள்ளையர் என்று போலீஸ் இடத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டது. ஒரு ஆடுகூடக் குறையவில்லை.

சுட்டவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடியிருக்கிறான். ஈர மணலில் தடம் தெளிவாக இருந்தது. இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது, சுண்டுவிரல் மண்ணைத் தொடவில்லை. எசெகோன் வீட்டுச் சமையல் பாத்திரங்களையெல்லாம் கொண்டுவந்து தடங்களின்மேல் கவிழ்த்தார். நாலு நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. நாலாம் நாள் போலீஸ் வந்தது. அதிகாரி ஒரு பாத்திரத்தைக் காலாலேயே நகர்த்தினார்.

"காலடி பேரு சொல்லுமாய்யா?"

"எனக்குச் சொல்லும் சார்."

"கோர்ட்டு உன் கண்ணால பாக்காது. பாத்திரத்த எடுத்துட்டுப் போய்ப் பொங்கித் தின்னு."

எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் ஏரிக்காற்று மிச்சத்தை முடித்தது.

4

முகாமுக்குச் செவ்வாய்தோறும் தண்ணீர் லாரி வரும். ஓட்டுநர் கமாய்ஸ். அவனைக் கெட்டவனாக எழுதினால் எனக்குச் சுலபம். ஆனால் அவன் சமையற்காரிக்குச் சீனி வாங்கி வருவான், எல்லாரையும் சிரிக்க வைப்பான். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரமண்ணில் நின்று குழாய் பிடிப்பான். அவனுடைய இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பும். சுண்டுவிரல் படாது.

முதல் செவ்வாயே எசெகோன் பார்த்துவிட்டார். கேனை நீட்டித் தண்ணீர் வாங்கினார், குடித்தார். ("கை நடுங்கியது" என்று சேர்த்துப் பார்த்தேன். நடுங்கவில்லை, நான் பக்கத்தில்தான் நின்றேன்.) விஷயத்தை அன்றைக்கு என்னிடம் மட்டும் சொன்னார்.

5

பழைய தடங்களோடு ஒப்பிட இன்றைய மனிதர்களின் தடங்கள் வேண்டும். அதற்காக ஊர்க்காரர்களை ஈரமண்ணில் நடக்கவைத்துப் படமெடுத்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய் அது. ஆள் குறைந்தது.

"கமாய்சைக் கூப்பிடுங்க டாக்டரம்மா. நல்லா நடப்பான்," என்றார் எசெகோன்.

கமாய்ஸ் இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்து காட்டினான். கேமரா தயாராகும் முன் எசெகோன் சமையல் கூடாரத்திலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்துவந்து அவன் தடத்தின்மேல் கவிழ்த்தார்.

"என்னண்ணே, என் காலுக்குக் குடையா?"

"காத்து அடிச்சிரும்டா. போன தடவ அடிச்சிருச்சு."

எந்தத் தடவை என்று கமாய்ஸ் கேட்கவில்லை. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்.

"எவ்வளவு அழகான தடம்," என்றபடி டாக்டர் பாத்திரத்தை விலக்கிவிட்டுப் படமெடுத்தார். நான் பதிவேட்டில் பதினேழு என்று எண்ணிட்டுப் பெயரை எழுதினேன்.

"இதே காலு வேற எடத்துல பதிஞ்சிருந்தா கண்டுபிடிச்சிருவீங்களா, டாக்டரம்மா?"

"கண்டிப்பா. அந்தத் தடத்தையும் காட்டுங்க."

"அது என் தலைக்குள்ள இருக்கு."

"தலைக்குள்ள இருக்கறத அளக்க முடியாதே, எசெகோன்."

டாக்டருக்கு எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. இது இரண்டாவது.

6

முடிவு அ: எசெகோன் கமாய்சைக் கொல்கிறார். அதற்குப் போலீஸ் அன்றைக்கே வந்துவிடும். [அடித்துவிட்டேன்.]

முடிவு ஆ: எசெகோனின் கண் தப்பு. ஒரே மாதிரிக் கால் இரண்டு பேருக்கு இருக்காதா? இதை நம்பித்தான் இரண்டு வருடம் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன வாரம் கட்டுரை வெளியானது. பதினொரு பேர் எழுதியது.* அந்தப் பழைய தடங்களில் வலது பாதம் மட்டும் ஆழமாகப் பதிந்திருக்கிறதாம். நடந்தவள் பெண்ணாக இருக்கலாம், வலது இடுப்பில் குழந்தை இருந்திருக்கலாம் என்கிறது. ஆதித்தாயின் அன்புக்கு முதல் சான்றாம். ஒன்பதாம் பக்கத்தில், இன்றைய மனிதனுக்கு எடுத்துக்காட்டாகப் பதினேழாம் எண்ணின் படம்.

* எசெகோன் பெயர் இல்லை. "உள்ளூர் உதவியாளர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி இருக்கிறது.

எசெகோன் பழைய தடங்களை மென்மணல் கொட்டி மூடிக்கொண்டிருந்தார். காற்றிலும் மழையிலும் அழியாமலிருக்க அப்படி மூடுவார்கள். நான் கட்டுரையைப் படித்துச் சொன்னேன்.

"அப்ப நான் சொன்னது சரிதானா, தங்கச்சி?"

"சரிதாண்ணே."

அவர் மண்வெட்டியை நிறுத்தினார்.

"எல்லாமேவா?"

7

கட்டுரையில் பெயர்கள் கிடையாது, எண்கள் மட்டும்தான். எந்த எண் யார் என்பது என் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. யாருக்கும் காட்டக் கூடாது என்பது விதி. நான் விதிகளை மீறியதே இல்லை.

இன்றைக்குச் செவ்வாய். லாரி வரும் சத்தம் கேட்கிறது. எசெகோனுக்கு நான் சொல்ல வேண்டிய பதிலின் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்:

"........................"

நீங்கள் எழுதுங்கள். எழுதாமல் பக்கத்தைப் புரட்டிவிட்டால், மூன்றாவது குற்றம் என்னுடையது மட்டுமில்லை.