தள்ளுபடிக்கு வராத பெயர்

கோட்டோர் வளைகுடாக் கரையில், ஸ்டோலிவ் ஊரில், திரிபோ சம்பெலிச்சைப் போல வறட்டு கௌரவம் பிடித்த இன்னொருவனைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். மீன் வாங்கினால் பேரம் பேச மாட்டான். கொத்தனார் கேட்ட கூலியை ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் எண்ணிக் கொடுப்பான். அவன் மனைவி தாரிங்கா அப்படியில்லை. எண்ணெய் எந்தக் கடையில் எந்த வாரம் விலை இறங்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. அதைச் சொல்ல வெட்கமும் கிடையாது. அவன் வாரி இறைத்ததை இவள் பொறுக்கிச் சேர்த்ததால்தான் அந்தக் குடும்பம் இத்தனை வருஷமாகத் தலை நிமிர்ந்து நிற்கிறது. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளால் கை வைக்க முடியவில்லை. கடலைப் பார்த்த அவர்களுடைய கல் வீட்டில் ஐந்து அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். வருகிறவர்கள் 'சம்பெலிச் டாட் மீ' என்ற வெப்சைட்டில் நேரே பதிவு செய்துகொண்டு வருகிறார்கள். நடுவில் எந்தக் கம்பெனியும் பங்கு கேட்பதில்லை. அந்த வெப்சைட் விலாசம், அதாவது டொமைன் பெயர், கைவிட்டுப் போனால் பழகிய விருந்தாளிகள் வழி தெரியாமல் வேறு வீடு பார்த்துப் போய்விடுவார்கள். பிழைப்பே அதில்தான். அதற்கு வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிப்பது குடும்பத் தலைவன் வேலை என்று திரிபோ தன் வசம் வைத்திருந்தான். கார்டிலிருந்து தானாகவே போகும்படி எப்போதோ செய்துவிட்டதால், அது ஒன்றும் பெரிய வேலையும் இல்லை.

பிப்ரவரியில் அவன் போனில் ஏதோ தேடப் போன தாரிங்காவின் கண்ணில் பெயர் விற்ற கம்பெனியின் மெயில் பட்டது. வருகிற வருஷத்திலிருந்து கட்டணம் அறுபத்தெட்டு யூரோ. இதுவரை நாற்பத்தெட்டு. அன்று மத்தியானமே உட்கார்ந்து அந்தக் கணக்கை அலசினாள். உரிமையாளர் விலாசத்தை மறைத்து வைக்கத் தனிக் கட்டணம். மற்ற இடங்களில் அது இலவசம். ஒருவரும் திறந்தே பார்க்காத ஐந்து மெயில் பெட்டிகளுக்கு ஒரு கட்டணம். 'நம்பிக்கை முத்திரை' என்று ஒன்று, அதற்கும் கட்டணம். முதல் வருஷம் ஒரு யூரோ என்று கூவி அழைத்த கடைகளையும் அவள் விடவில்லை; அடுத்த வருஷம் என்ன வாங்குவார்கள் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்ததைத் தேடிப் படித்து அத்தனையையும் கழித்தாள். கடைசியில் முதல் வருஷமும் அடுத்த வருஷமும் ஒரே விலை சொல்லும் கம்பெனி ஒன்று அகப்பட்டது. பதினாறு யூரோ. பெயரை அங்கே மாற்றினால், மிச்சமிருக்கும் நாளும் வீணாகாது, ஒரு வருஷம் மேலே சேரும்.

சாப்பாட்டு மேஜையில் விஷயத்தை எடுத்தாள். திரிபோ பன்றி இறைச்சியைச் சீவிக்கொண்டே கேட்டான்.

“எங்க கொள்ளுத்தாத்தா கப்பல் கேப்டன். அவர் பேரை நான் மலிவு விலையில வாங்கணுமா?”

“உங்க கேப்டன் கூலி பேசாமலா சரக்கு ஏத்தினாரு? அவரு பேரம் பேசினதுலதான் இந்த வீடே நிக்குது.”

கத்தியைக் கீழே வைத்தான். அப்புறம்தான் உண்மையான பயம் வெளியே வந்தது. எதிர்க்கரையில் நிக்ஷா இருக்கிறார். திரிபோவின் பெரியப்பா மகன், அவரும் சம்பெலிச்தான், அவரும் அறை விடுகிறவர்தான். திரிபோ வீட்டுக்கு முன்னால் இருக்கும் படகுத்துறை யாருக்கு என்று அப்பாக்கள் காலத்தில் மூண்ட சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. டொமைன் பெயர் எந்தத் தேதியில் முடிகிறது என்பதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நிக்ஷா அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று கடையில் யாரோ திரிபோவிடம் சொல்லியிருந்தார்கள்.

“கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். கம்பெனி மாத்துறேன்னு நீ அந்தப் பேருக்கு இருக்கிற பூட்டைத் திறந்து வச்சா, அடுத்த நிமிஷம் தூக்கிட்டுப் போயிடுவான். அப்புறம் என் வீட்டு வாசல்ல அவன் பேரு இருக்கும்.”

இதில் கூத்து என்னவென்றால், அவன் பேரும் இவன் பேரும் ஒன்றுதான். தாரிங்கா அதைச் சொல்லவில்லை. மாற்றுவதற்கு ஒரு ரகசியக் குறியீடு உண்டு, அது நம் மெயிலுக்கு மட்டும்தான் வரும், அது இல்லாமல் எந்த நிக்ஷாவாலும் ஒரு எழுத்தைக்கூட அசைக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினாள். கடைசியில் அவன் போனை அவள் பக்கம் தள்ளினான். பெயர் போனால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றான். சொல்கிறேன் என்றாள்.

பூட்டைத் திறந்து, குறியீட்டை வாங்கி, புது கம்பெனியில் போட்டு, தன் கார்டிலேயே பணம் கட்டினாள். சில நாள் ஆகும் என்று பதில் வந்தது. அடிக்கொரு தரம் வெப்சைட்டைத் திறந்து வீட்டுப் படம் வருகிறதா என்று பார்த்தாள். திரிபோ எதிர்க்கரையைப் பார்த்தபடியே நடந்தான். ஒரு வாரத்துக்குள் பெயர் பத்திரமாகப் புது இடம் போய்ச் சேர்ந்தது. தாரிங்கா அன்றைக்குக் கீரையும் உருளைக்கிழங்கும் போட்டுப் பெரிய சட்டி நிறையச் சமைத்தாள். திரிபோ பாராட்டவில்லை. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான். அவனிடமிருந்து அவ்வளவுதான் வரும்.

மார்ச் மாதம் ஒரு காலை, அவள் படுக்கை விரிப்புகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது மோட்டார் படகு ஒன்று துறையை நோக்கி வந்தது. ஓட்டி வந்தவர் நிக்ஷா. அவள் கையிலிருந்த விரிப்பு அப்படியே நின்றது. அவர் படகைக் கட்டவில்லை, துறையில் கால் வைக்கவும் இல்லை. ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு படகுக்குள்ளேயே நின்றார். முகம் வெளிறியிருந்தது.

“திரிபோவைக் கூப்பிடு. பேரு போயிடுச்சு.”

திரிபோ செருப்புகூடப் போடாமல் வந்தான். வருகிற வேகத்தைப் பார்த்தால் அடித்துவிடுவான் போலிருந்தது. பெயர் போனது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான்.

“பணம் கட்டலாம்னு போனேன். இந்தப் பேரு எங்ககிட்ட இல்லைங்கிறான் கம்பெனிக்காரன்.”

பெயர் எங்கும் போகவில்லை, வேறு கம்பெனிக்கு நான்தான் மாற்றினேன், பத்திரமாக இருக்கிறது என்று தாரிங்கா அவசரமாகச் சொன்னாள். நிக்ஷா அதைக் கேட்டதும் படகின் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தார். கடவுளே என்று சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரிபோ மட்டும் நகரவில்லை. அவன் காதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்திருந்தது.

“நீ எதுக்குப் பணம் கட்டணும்?”

நிக்ஷா மெதுவாகச் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் குளிர்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் இந்த வெப்சைட் இருண்டு கிடந்தது. தேதியைப் பார்த்தால் முடிந்துபோயிருக்கிறது. யாரும் பணம் கட்டவில்லை. இன்னும் சில நாள் விட்டால் பெயர் பொதுவில் விழும், எவன் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கம்பெனியில் பெயரைத் தட்டிப் பணம் கட்டினால் போதும், நீ யார் என்று கேட்பதில்லை. கட்டிவிட்டார். அடுத்த வருஷம் இரண்டு வாரம் முன்னதாகவே கட்டினார். அதற்கடுத்த வருஷமும் அப்படியே.

தாரிங்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. பாங்கில் திரிபோவுக்குப் புதுக் கார்டு கொடுத்தது அந்தக் குளிர்காலத்தில்தான். புது எண்ணை அவன் எங்கேயும் மாற்றவில்லை. வந்த மெயில்களைத் திறந்திருக்கவும் மாட்டான். முழு விலை கட்டுகிறேன், முழு விலை கட்டுகிறேன் என்று மூன்று வருஷமாக மார் தட்டிய மனுஷன் அந்தப் பெயருக்கு ஒரு சல்லிக்காசு கொடுத்திருக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. காது வரை சிவந்து போய் நின்றான் பாவம்.

“நீயே எடுத்திருக்கலாமே. விழட்டும்னு விட்டிருந்தா உனக்குத்தானே,” என்றான்.

“எடுத்து? தம்பி வீட்டு விளக்கை அணைச்சிட்டு நான் அக்கரையில உக்காந்து பாக்கவா? எவனாவது வெளியூர்க்காரன் எடுத்து அதுல சூதாட்டம் போட்டான்னா, என் தாத்தா கல்லறையில வெட்டியிருக்கிற பேரு என்னத்துக்கு ஆகும்?”

திரிபோ உள்ளே போய்ப் பணத்தோடு வந்தான். அந்தப் பணத்தைக் கடலில் போடுவேன் என்றார் நிக்ஷா. வாங்காமல் போனால் படகைப் பிடித்து வைப்பேன் என்றான் திரிபோ. இரண்டு பேரும் விறைத்துக்கொண்டு நின்றார்கள். தாரிங்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் குடும்பத்தின் வீம்பைத் திட்டித் தீர்த்தவள் அவள். அன்றைக்கு முதல்முறையாக, தானும் ஒரு சம்பெலிச் என்பதில் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“இப்ப எவ்வளவு கட்டறே?” என்று நிக்ஷா அவளிடம் கேட்டார்.

“பதினாறு.”

“பதினாறா? நான் நாப்பத்தெட்டு அழுதேனே.”

அவர் சொன்ன விதத்தில் திரிபோவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, அண்ணன் வீட்டு அறைகள் எப்படிப் போகின்றன என்று கேட்டான். அண்ணன் என்று அவன் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. அறை பிடித்துக் கொடுக்கும் பெரிய கம்பெனி வழியாகத்தான், ஒவ்வொரு விருந்தாளியிடமும் அவர்கள் பங்கு பிடித்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள் என்றார் நிக்ஷா. குடும்பப் பெயர் இங்கே இருக்கும்போது வேறு பெயரில் வெப்சைட் வைக்க மனசு வரவில்லையாம்.

“அண்ணனுக்கும் ஒரு பேரு வாங்கு. என்ன விலையானாலும் சரி, நான் கட்டறேன்,” என்று திரிபோ தாரிங்காவிடம் சொன்னான்.

வாங்கவே வேண்டாம் என்றாள் அவள். இருக்கிற பெயருக்கு முன்னால் 'அக்கரை' என்று ஒரு சொல்லைச் சேர்த்து ஒரு புள்ளி வைத்தால் அது அவர் வீட்டுக்கு வெப்சைட். அப்படி எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கம்பெனிக்கு ஒரு காசு தர வேண்டியதில்லை. ஒரே பெயர், இரண்டு வாசல்.

நிக்ஷா கல்லிலிருந்து கையை எடுத்துப் படகைத் தள்ளப் போனார்.

“நான் ஓசியில வர்றவன் இல்லம்மா.”

“ஓசி இல்லை அத்தான். மூணு வருஷத்துக்கு முன்பணம் கட்டியிருக்கீங்க.”

அவர் அவளையே பார்த்தார். கண் கலங்கியது, மறைக்கவும் இல்லை. திரிபோ பணத்தைச் சட்டைப் பையில் திணித்துவிட்டுத் துறையின் விளிம்பில் குனிந்து கையை நீட்டினான். நிக்ஷா அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்.