மூன்றாவது பாத்தி

"இப்ப எங்கம்மா கிளம்பிட்ட?" என்று மகள் கேட்டாள். "மோட்டாரை நிறுத்தியாச்சான்னு பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவள் பின்கதவு வழியாகத் தோட்டத்தில் இறங்கினாள். கணவரின் உடலைத் தூக்கிவந்த கையோடு, ஒன்பது மணிக்கே பக்கத்துத் தோட்டக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டார். அது அவளுக்கும் தெரியும்.

அவள் கணவர் தினமும் ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டு, மணிக்கு ஒரு பாத்தியாக வால்வைத் திருப்புவார். ஆறுக்கு முதல் பாத்தி, ஏழுக்கு இரண்டாவது, எட்டுக்கு மூன்றாவது. ஐந்து நிமிஷம் பிசகாது. வாய்க்காலில் பாய்ச்சிய காலத்தில் மடை திருப்ப அவளும் வேண்டும். ஆளுக்கொரு மூலையில் நின்று கத்திக்கொண்டே இருப்பார்கள். சொட்டுநீர்க் குழாய் போட்டதிலிருந்து தண்ணீரும் பாதி, பேச்சும் பாதி. கரை உடையாது, சத்தம் வராது. யாரும் எட்டிப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை.

இன்று காலை ஏழரைக்குப் பின்கதவில் நின்று, "டீ ஆறுது, வரீங்களா இல்லையா?" என்று கத்தினாள். பதில் இல்லை. முந்தாநாள் சண்டையின் மிச்சம் என்று நினைத்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் லேசில் இறக்குகிற ஆளில்லை அவர். "பட்டினி கிடங்க" என்று கதவைச் சாத்தினாள். ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தபோது தக்காளிச் செடிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார்.

மூன்றாவது பாத்தி நனைந்திருந்தால், எட்டு மணிக்கு அவர் நடந்துவந்து வால்வைத் திருப்பியிருக்கிறார். அப்படியானால் ஏழரைக்கு அவருக்கு வெறும் கோபம்தான். எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் இருந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே குனிந்தாள்.

குழாய் சொட்டும் இடத்தில் விரலை விட்டாள். இரண்டு கணு ஆழத்துக்குப் புழுதி. அடுத்த செடி, அதற்கடுத்த செடி என்று நாலு இடம் தோண்டினாள். பிறகு இரண்டாவது பாத்தியில் கையை வைத்தாள். மணிக்கட்டு வரை சேறு. இரண்டு மணி நேரத் தண்ணீரும் அங்கேயே சொட்டியிருக்கிறது.

எட்டு மணிக்கு முன்னாலேயே விழுந்துவிட்டார். ஏழரைக்கு முன்னாலா பின்னாலா என்பது மண்ணுக்குத் தெரியாது. கதவைச் சாத்தாமல் நாற்பது அடி நடந்திருக்கலாம்.

மகள் தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

"வெயில்ல என்னம்மா பண்ற?" பக்கத்தில் வந்து நின்று, "அப்பாவக் கடைசியா எப்பக் கூப்பிட்ட?" என்றாள்.

"ஏழரைக்கு."

"ஏதாவது சொன்னாரா?"

அவள் செடிகளைப் பார்த்தாள்.

"வரேன்னாரு."

மகள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் ஒரு கையால் அணைத்துக்கொண்டு, சேறு படிந்த கையை மகள் மேல் படாமல் தள்ளிப் பிடித்தபடி நின்றாள்.