பத்துக்கு ஏழரை

பயிற்சிக்கூடத்தில் படுத்திருந்த நோயாளிக்கு வயது அறுபது, எடை முப்பத்தெட்டு கிலோ, முதுகில் ஒரு மின்கம்பி. மூச்சு விடும், நாடி துடிக்கும், கண் சிமிட்டும். பேச மட்டும் தெரியாது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து அதற்காக மைக்கில் பேச வேண்டும். வழக்கமாகப் பேசுகிறவர் பெரிய சிஸ்டர். மூச்சுத் திணறுவதாக நடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அன்றைக்கென்று பார்த்து அவருக்கே தொண்டை கட்டிக்கொண்டது. ஆகவே கூடத்தின் தலைவியான டாக்டரம்மாவே மைக் முன்னால் உட்கார்ந்தார்.

ஒன்பது வருடத்துக்கு முன், ஆஸ்பத்திரியின் பழைய சலவை அறையில் இந்தக் கூடத்தைத் தொடங்கியவர் அவர்தான். நிர்வாகத்திடம் நடையாய் நடந்து அதை வாங்கினார். அவர் போட்ட சட்டங்களில் முதலாவது, படுத்திருப்பதை யாரும் பொம்மை என்று சொல்லக்கூடாது. 'அம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும். பொம்மையாக நினைத்துப் பழகினால் வார்டிலும் பொம்மை வைத்தியம்தான் வரும் என்பார். புதிதாக வரும் இளம் டாக்டர்கள் முதல் நாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரப்பர் கையைப் பிடித்து "எப்படி இருக்கீங்கம்மா" என்பார்கள். மூன்றாம் நாள் சிரிப்பு வராது.

தான் போட்ட சட்டம் ஒரு நாள் தன்னிடமே வந்து நிற்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. அன்றைய பட்டியலில் மூன்றாவது ஆள் அவருடைய மகள்.

மகள் இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. விடுதியில் தங்கியிருக்கிறாள். வராந்தாவில் எதிர்ப்பட்டால் மற்றவர்களைப் போலவே "குட் மார்னிங் மேடம்" என்பாள். குறை சொல்லவே முடியாத மரியாதை. அந்த மரியாதைதான் டாக்டரம்மாவைக் கொன்றுகொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய அப்பா இதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கிடந்தார். வெளியூரில் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த மகளிடம் தினமும் போனில் "ஒண்ணுமில்ல, நீ பரீட்சைய முடிச்சிட்டு வா" என்று சொன்னவர் இவர். அம்மாவே டாக்டர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பினாள். முடித்துவிட்டு வந்தபோது இங்கே எல்லாம் முடிந்திருந்தது. அப்பா என்னைக் கேட்டாரா என்று மட்டும் கேட்டாள். கேட்டார் என்றார் இவர். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து 'அம்மா' என்ற சொல் இவரை நோக்கி வரவில்லை.

அந்தத் துக்கத்தில் எழுதியதுதான் இன்றைய பயிற்சி. மூச்சுத் திணறலோடு வரும் ஒரு பெண்மணி, மகளுக்குப் பரீட்சை, சொல்லிவிடாதீர்கள் என்பாள். வைத்தியத்துக்குப் பாதி மதிப்பெண்தான். அவளைச் சம்மதிக்க வைத்து மகளுக்குத் தகவல் சொன்னால் மீதிப் பாதி. எல்லோரும் நல்ல பயிற்சி என்றார்கள், எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மகளின் முறையை வேறொரு டாக்டரிடம் தள்ளிவிட்டிருக்கலாம். நியாயமும் அதுதான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், டாக்டரம்மாவுக்கு அந்த 'அம்மா' என்ற சொல் வேண்டியிருந்தது. மைக்கில் பேசுவதைக் கிழவியின் கரகரப்பாக மாற்றும் கருவி இருக்கிறது. திருட்டுத்தனமாகவாவது ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தார்.

மகள் உள்ளே வந்து கையைக் கழுவினாள். கட்டில் ஓரமாக நின்று ரப்பர் விரல்களைப் பிடித்தாள்.

"அம்மா, என்னம்மா பண்ணுது?"

டாக்டரம்மா மைக் பொத்தானை அழுத்த மறந்துபோனார். பக்கத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் லேசாக இருமினார். அதன் பிறகுதான் மூச்சு முட்டுகிறது டாக்டர் என்ற வரி வந்தது.

மகள் தலைப்பக்கத்தை உயர்த்தினாள், ஆக்சிஜன் வைத்தாள். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மார்பில் வைத்தாள். ரப்பருக்கு என்ன குளிரா, வெயிலா. இதையெல்லாம் இந்தக் கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு கேள்வியின் வாலிலும் ஒரு 'அம்மா' இருந்தது. டாக்டரம்மா எண்ணிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது அம்மாவோடு, நெஞ்சு வலி பத்துக்கு எவ்வளவு இருக்கும் என்ற கேள்வி வந்தது. நோயாளி பேச வேண்டிய வரிகள் இருந்த தாளில் எட்டு என்று எழுதியிருந்தது.

"ஏழரை," என்றார்.

அந்த வீட்டில் பத்துக்கு எவ்வளவு என்று எதைக் கேட்டாலும் அப்பாவிடம் இருந்த ஒரே பதில் அதுதான். காபிக்கு ஏழரை, புதுச் சட்டைக்கு ஏழரை, மகளின் பாட்டுக்கும் ஏழரை. உங்கள் வாயில் வேறு எண்ணே வராதா என்று இவர் சண்டைக்குப் போவார். கல்யாணத்தன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை என்பார் அவர். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நெஞ்சு வலியோடு வருகிற எந்த நோயாளியும் அரை போட்டுச் சொல்வதில்லை.

மகளின் கை நின்றது. கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். அவளுடைய பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் அவள் முகம்தான் தெரியும். ஆனாலும் டாக்டரம்மா நாற்காலியில் பின்னால் நகர்ந்தார். இதோ போய்விடுவாள், இனி 'மேடம்' கூடக் கிடைக்காது என்று நினைத்தார். மகள் போகவில்லை. குறிப்பேட்டை எடுத்து எதையோ எழுதினாள். பிறகு கட்டில் பக்கம் குனிந்தாள்.

"வீட்டுக்குச் சொல்லியாச்சாம்மா?"

"வேண்டாம் டாக்டர். பொண்ணுக்குப் பரீட்சை."

தாளில் இருந்த வரிதான். குரல் உடைந்ததைக் கருவி இன்னும் கொஞ்சம் கரகரப்பாக்கி அனுப்பிவைத்தது.

மகள் ஆக்சிஜன் குழாயை ஒரு தடவை சரிசெய்தாள். டெக்னீஷியன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பரீட்சை மறுபடியும் வரும்மா," என்றாள். "சொன்னா அவ அழுவா, அவ்வளவுதான். சொல்லாம விட்டா, உங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னே அவளுக்குத் தெரியாமப் போயிரும். நம்பர் சொல்லுங்க."

தாளில் ஒரு பொய் எண் தயாராக இருந்தது. டாக்டரம்மா தாளைப் பார்க்கவில்லை. இரண்டு வருடமாக அடித்து அடித்து ஓய்ந்துபோன எண்ணை, ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னார். மகள் புதிதாகக் கேட்கிற மாதிரி குனிந்து எழுதிக்கொண்டாள். நேரம் முடிந்து மணி அடித்தது.

பிறகு வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். எது நன்றாகப் போயிற்று, எதை வேறு மாதிரி செய்யலாம் என்று வழக்கமான கேள்விகள். வலி எட்டு என்று இருந்ததை நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பரவாயில்லை மேடம் என்றாள் மகள், தன் காலணியைப் பார்த்தபடி. மற்றவர்களோடு எழுந்து வார்டுக்குப் போய்விட்டாள்.

கூடம் காலியானது. டெக்னீஷியன் கம்பிகளைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"மேடம், அம்மாவ ஆஃப் பண்ணிடட்டுமா?"

"இருக்கட்டும்," என்றார்.

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய குறிப்பேட்டை எடுத்தார். வலி என்ற இடத்தில் ஏழரை என்று எழுத்தாலேயே எழுதியிருந்தது. அதற்குக் கீழே, உறவினருக்குத் தகவல்: 'சொல்லியாயிற்று. மகள் வந்துகொண்டிருக்கிறாள்.' பக்கத்தில் இன்னொரு கட்டம், வந்து சேர்ந்த நேரம். அது காலியாக இருந்தது. டாக்டரம்மா நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, வாசல் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் ரப்பர் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.