இரண்டாவது பெயர்

தன் வீட்டில் இனப் பேச்சே கிடையாது என்று வங்கேசி சொல்லிக்கொள்வாள். தேவாலயத்தில் சொல்வாள், கறிக்கடையில்கூடச் சொல்லியிருக்கிறாள். அவள் அதை போனில் சொல்லும்போதெல்லாம், சமையலறையில் கீரை நறுக்கும் வேலைக்காரி ரோஸுக்குக் கத்தியை இன்னும் கொஞ்சம் அழுத்தத் தோன்றும்.

வங்கேசியின் ஆறு வயது மகள் நடாலி பள்ளி விட்டு வந்ததும் சிநேகிதர்களைப் பற்றிச் சொல்வாள்.

“ஜாய் எனக்கு மாம்பழம் குடுத்தாம்மா.”

“ஜாயோட ரெண்டாவது பேர் என்ன செல்லம்?”

“வாம்புய்.”

“அப்படியா. சனிக்கிழமை கூட்டிட்டு வா. கேக் பண்ணலாம்.”

மறுநாள் லெவி.

“ரெண்டாவது பேர்?”

“ஓமொல்லோ.”

“ம்.” வங்கேசியின் மூக்கு லேசாகச் சுருங்கியது. “ஸ்கூல்லயே விளையாடிக்கோ, போதும்.”

அவ்வளவுதான். தன் இனமான கிகுயு என்றோ, லெவியின் இனமான லுவோ என்றோ ஒரு வார்த்தை இல்லை. நைரோபியில் இரண்டாவது பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும். வாயைச் சுத்தமாகவே வைத்துக்கொள்ளலாம். சிறுமிக்குப் புரிந்துவிட்டது. சில பெயருக்குக் கேக், சில பெயருக்கு மூக்கு.

ரோஸ் லுயா இனத்துக்காரி. வேலைக்கு எடுத்த அன்று வங்கேசி அவள் பெயரை முழுதாகக் கேட்டுவிட்டு, “உங்க ஆளுங்க நல்லா சமைப்பாங்க” என்றாள். பிறகு அந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. நடாலிக்குப் பல் முளைக்கும் முன்பே வந்தவள். இருவருக்கும் ஒரே தட்டு. ரோஸ் உகாலி என்ற சோளக் களியை உருட்டித் தந்தால்தான் நடாலிக்கு இறங்கும். தன் பெண்ணைச் சொந்த ஊரான புங்கோமாவில் விட்டுவிட்டு வந்தவளுக்கு, நாளில் சொந்தம் என்று இருந்தது அந்த ஒரு தட்டுதான்.

அன்று உருண்டையை நீட்டியபோது நடாலி வாயைத் திறக்கவில்லை.

“ஆன்ட்டி, உன்னோட ரெண்டாவது பேர் என்ன?”

ரோஸுக்கு ஒரு கிகுயு பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் தட்டு மிஞ்சும். ஆனால் அவள் அறுவடைக் காலத்தில் பிறந்தவள், அதற்காக அம்மா வைத்த பெயர் அவளுடையது. இந்த மூக்குகளுக்காக அதை மறைப்பதா?

“நெகேசா.”

“ம்.” அம்மாவின் அதே மூக்கு, அளவு மட்டும் சிறியது. “நான் வேற தட்டுல சாப்பிட்டுக்கறேன். நீ சமைச்சா போதும்.”

கூடத்தில் வங்கேசி போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “எங்க வீட்ல அதெல்லாம் கிடையாதுங்க. குழந்தைக்கு இனம்னா என்னன்னே தெரியாது.”

ரோஸ் உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

“தட்டு அலமாரிக் கீழ்த்தட்டுல இருக்கு,” என்றாள் நடாலியிடம். “எடுத்துக்கோங்க, மேடம்.”